முப்பத்தொன்றாம் எண்ணை அடித்தவன்

முப்பத்தொன்றாம் எண்ணை நான் அடித்தபோது காலை பதினோரு மணி இருக்கும். கேன்டீனிலிருந்து மசால் வடை வந்திருந்தது. ஒரு கையில் வடை, இன்னொரு கையில் சிவப்புப் பேனா. அந்தத் தாளின் மூலையில் என் கட்டைவிரல் எண்ணெய்கூடப் பதிந்துவிட்டது.

பெங்களூர் பீன்யாவில், மோட்டார் வண்டிகளுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் ஹெச்.ஆர். ஆட்களை எடுப்பது, அனுப்புவது, நடுவில் அவர்களுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டுவது எல்லாம் என் இலாகா. அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கு ஏழு பேர் தேவை. செய்து முடித்த பாகத்தை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று சொல்கிற வேலை. ஐம்பத்து நாலு விண்ணப்பங்கள் வந்திருந்தன.

"முப்பத்தொண்ணு என்ன சார்?" என்றாள் சவிதா. என் உதவியாளர், துமகூர்ப் பெண். என்னிடம் தமிழில்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் கன்னடம்.

"டிப்ளமோ மெக்கானிக்கல். மார்க் பிரமாதம். ரெண்டு வருஷம் ஓசூர்ல இதே வேலை பார்த்திருக்கு," என்று படித்தேன். "அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் ஒண்ணுமே பண்ணல."

"ஐயோ பாவம் சார்."

"பாவம் பார்த்தா ஃபேக்டரி நடத்த முடியுமா? ஒன்பது வருஷம் சும்மா உக்காந்திருந்த ஆளு கையில அளக்குற வெர்னியரைக் குடுத்தா, எந்தப் பக்கம் பிடிக்கணும்னு நம்மளையே கேக்கும்."

என் நகைச்சுவைக்கு நானே சிரித்துக்கொண்டேன். அடித்தேன். அடுத்த வடையை எடுத்தேன்.

போன வாரத்துப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'நீங்கள் எப்போதாவது புத்திசாலித்தனமாக நடந்துகொண்ட சம்பவம் ஒன்றையாவது எழுதக் கூடாதா?' என்று கேட்டிருந்தார். மூளையைக் கசக்கி யோசித்துப் பார்த்தேன், அம்மா. கிடைத்தது இதுதான்.

கறுப்பு ஸ்டிக்கர்

அந்தத் தாளில் பெயர் இருக்காது. அதுதான் என் கண்டுபிடிப்பு.

அப்போது எங்கள் பக்கம் காற்று மாறி வீசிக்கொண்டிருந்தது. பெண்களை இரவு ஷிப்டுக்கும் எடுக்கலாம் என்று அரசாங்கம் வழிவிட்டிருந்தது. ஊருக்குள் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று ஆகியிருந்தது. எங்களிடம் சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள், வந்தவுடன் மெஷினைப் பார்க்காமல், "மெஷின் பக்கத்துல லேடீஸ் எத்தனை பேர்?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். எங்களிடம் இருந்தது நாலு பேர். அதில் ரெண்டு பேர் கேன்டீன்.

சூப்பர்வைசர்களோ, விண்ணப்பத்தில் பெண் பெயரைப் பார்த்ததுமே, "கல்யாணமாச்சா? குழந்தை இருக்கா?" என்று மூக்கை நுழைப்பார்கள். நான் ஒரு யோசனை சொன்னேன். பெயர், போட்டோ, விலாசம், படித்த கல்லூரி, ஆணா பெண்ணா எல்லாவற்றின் மேலும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். வெறும் எண் போதும். திறமை மட்டும் பேசட்டும்!

தலைமை அலுவலகத்தில் கைதட்டினார்கள். மகளிர் தினத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். அல்சூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள்கூட கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். 'சமத்துவம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்' என்று முக்கால் மணி நேரம் முழங்கினேன். என் மனைவி ரேவதி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், "தண்ணி குடிச்சீங்களா? தொண்டை கட்டிடும்," என்றாள்.

கறுப்பு ஸ்டிக்கரோடு இன்னொரு விதியையும் நானே சேர்த்திருந்தேன். வேலையில் இரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். ஏன் சேர்த்தேன் என்று கேட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறதே என்றுதான். வேறொரு கம்பெனிக்காரன் அனுப்பிய படிவத்தை அப்படியே காப்பியடித்தேன். அவன் யாரைப் பார்த்து அடித்தானோ.

அரசாங்கத்துச் சைக்கிள்

ரேவதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

அவளுக்கு வாணியம்பாடிப் பக்கம். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள். அப்புறம் பெண்கள் பாலிடெக்னிக், அரசாங்கத்து பஸ் பாஸ், அரசாங்கத்து உதவித்தொகை. வகுப்பில் மெக்கானிக்கல் எடுத்த பெண்களைக் கை விரலில் எண்ணிவிடலாமாம். "லேத் மெஷின்ல முடி சிக்கிடும்னு ஒரே பயமுறுத்தல். கொண்டை போட்டுக்கிட்டு நின்னோம்," என்பாள். படிப்பு முடிந்ததும் ஓசூரில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு வெர்னியர் வாங்கினாள். பெண் பார்க்கப் போனபோது, இவளிடம் நகை என்ன இருக்கிறது என்று என் அம்மா துருவிக்கொண்டிருக்க, இவள் என்னிடம் அந்த வெர்னியரைக் காட்டினாள். நான் ஜாதகப் பொருத்தத்தைவிட அதைத்தான் பெரிதாக நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டேன்.

கல்யாணமாகி அல்சூருக்கு வந்ததும், "ஓசூருக்கெல்லாம் தினமும் எதுக்கு அல்லாடற? கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு," என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். ரெஸ்ட் எடுக்க ஆரம்பித்த மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்தாள். இன்னும் அப்படியே எழுந்துகொண்டிருக்கிறாள்.

பாப்பா பிறந்தாள். "பாப்பா நடக்கட்டும்." நடந்தாள். "ஸ்கூலுக்குப் போகட்டும்." போனாள். "மூணாங்கிளாஸ்தான் முக்கியமாம், முடியட்டும்." இதெல்லாம் நான் சொன்னது. நாலாங்கிளாஸுக்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்.

சைக்கிள் கொடுத்து, பஸ் பாஸ் கொடுத்து, லேத் முன்னால் நிற்க வைத்து ஒரு பெண்ணை அரசாங்கம் வருஷக்கணக்காகத் தயார் பண்ணியது. நான் ஒரே ஒரு தாலியைக் கட்டி அத்தனையையும் பத்துக்கு எட்டுச் சமையல்கட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அப்புறம், படித்த பெண்கள் வேலைக்கு வருவதில்லையே, ஏன் என்று மீட்டிங் போட்டு முந்திரி பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு ஆராய்ந்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் ஒன்று உண்டு. சட்டப்படி போர்டு மாட்டியிருக்கிறோம். சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைந்திருக்கும். உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். 'உபயோகிப்போர் எவரும் இல்லை' என்று வருஷா வருஷம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற மகானுபாவன் யார் என்று நினைக்கிறீர்கள்?

தோசைக் கல் பக்கத்தில்

முப்பத்தொன்றாம் எண்ணை அடித்த அன்று சாயந்திரம், வீட்டில் தோசை. நான் மூன்றாவது தோசையில் இருந்தேன். அடுப்புப் பக்கத்தில் இருந்த ரேவதியின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். பிறகு போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது நீங்க எழுதினதுதானே?"

பார்த்தேன். 'தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தற்போது தங்களுக்கு ஏற்ற வாய்ப்பு இல்லை. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.' நான் எழுதியதேதான். அன்று மத்தியானம் சவிதாவை விட்டு மொத்தமாக அனுப்பச் சொன்ன செய்தி. எங்கள் கம்பெனி பெயர். கீழே விண்ணப்ப எண். முப்பத்தொன்று.

கேட்டால் அசடு என்று சொல்வீர்கள், முதலில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நம்பர் மாறி வந்திருக்கும்."

"மாறலை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான்தான் போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நாலாங்கிளாஸ் முடியட்டும்பீங்க."

பேய் முழி முழித்தேன். அவளே தொடர்ந்தாள். "அதுவும் இல்லாம, உங்க பொண்டாட்டின்னு உள்ள வரக் கூடாதுன்னு நினைச்சேன். பேர மறைச்சுட்டுத்தான் பார்ப்போம், திறமை மட்டும்தான் பேசும்னு மேடையில சொன்னீங்களே. நம்பித்தான் போட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் ஏதாவது பதில் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை.

கர்நாடக விலாசம் இருந்தால்தான் பஸ் இலவசம் என்பதால், தன் ஆதாரில் ஊர் விலாசத்தை மாற்றி அல்சூர் விலாசம் போட்டு வந்திருக்கிறாள். அதற்கே ரெண்டு நாள் வரிசையில் நின்றிருக்கிறாள். சிவாஜிநகரிலிருந்து பீன்யாவுக்குப் பஸ் எத்தனை நிமிஷம் ஆகிறது என்று ஒரு நாள் போய் வந்தே பார்த்திருக்கிறாள். எங்கள் கேட் வரைக்கும்! நான் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

விண்ணப்பத்தைக் கையால்தான் பூர்த்தி செய்திருந்தாள். தினமும் மளிகைப் பட்டியலில் பார்க்கிற கையெழுத்து எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று குடைந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. மளிகைப் பட்டியல் தமிழில் இருக்கும். அவள் இங்கிலீஷில் எழுதி நான் பார்த்ததே இல்லை. ஒன்பது வருஷத்தில் அதற்கு நான் ஒரு சந்தர்ப்பமே கொடுக்கவில்லை.

"இன்னொரு தோசை வைக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். அப்படியும் வைத்தாள்.

மஞ்சுநாத் சாரின் அறை

மறுநாள் சவிதாவிடம், அடித்த தாள்களில் இருந்த ஸ்டிக்கரை எல்லாம் பிரிக்கச் சொன்னேன். நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிரித்தாள். இடைவெளிக்காக மட்டும் நான் ஒதுக்கியவை இருபத்து மூன்று.

"சார்." அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. "இருபத்தி மூணும் லேடீஸ்."

"ஒரு ஆம்பளைகூட இல்லையா?"

"ஒப்பரூ இல்லா சார்." கன்னடத்தில் வந்தது. கோபம் என்று புரிந்துகொண்டேன்.

தேர்வான ஏழு பேரும் ஆண்கள். பெயரை மறைத்து, படத்தை மறைத்து, ஊரை மறைத்து, கடைசியில் ஒரு பெண்கூட உள்ளே வராதபடி இத்தனை சுத்தமாக ஒரு வேலையை வேறு யாராலும் செய்திருக்க முடியாது. சும்மா சொல்லக் கூடாது, அதற்கும் ஒரு சால்வை போடலாம்.

இதைச் சொல்ல வேண்டியது எங்கள் தொழிற்சாலையின் தலைவர் மஞ்சுநாத் சாரிடம். கன்னடக்காரர், ஆனால் தமிழர் நிறைந்த சிவாஜிநகரில் வளர்ந்தவர். நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். அவர் அறை வாசல் வரைக்கும் போய்விட்டு ரெண்டு தடவை திரும்பி வந்தேன். ஒரு தடவை ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மூன்றாம் தடவை அவரே, "உள்ள வாப்பா, வாசல்ல என்ன வாட்ச்மேன் வேலை?" என்றார்.

"சார், நம்ம செலக்‌ஷன்ல ஒரு விதி இருக்கு. அது எங்கிருந்தோ வந்துடுச்சு. மாத்திட்டா நல்லதுன்னு..."

"எந்த விதி?"

சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் தேடினார். திரையை என் பக்கம் திருப்பினார். நான் அனுப்பிய மெயில். 'இந்த விதி நமது தரத்தை உயர்த்தும்' என்று தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தேன்.

"எங்கிருந்தோ வந்துச்சா?"

"நான்தான் சார் போட்டேன். தப்பு சார். இருபத்தி மூணு பேரு போயிட்டாங்க. அத்தனை பேரும் லேடீஸ்." அப்புறம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அதுல முப்பத்தொண்ணாம் நம்பர் என் பொண்டாட்டி சார்."

மனுஷன் சிரித்தார் பாருங்கள்! நாற்காலி பின்னால் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கர்ச்சீப்பைத் தேடுகிற அளவுக்குச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து அசடு வழியச் சிரித்தேன். சட்டென்று நிறுத்தினார்.

"சரிப்பா. உன் வீட்டம்மாவுக்கு நீ வந்து பேசற. மத்த இருபத்தி ரெண்டு பேரு வீட்டுக்காரங்க யாரும் இங்க ஹெச்.ஆரா இல்லையே. அவங்களுக்கு யாரு வருவாங்க?"

ரேவதி விண்ணப்பம் போடாமல் இருந்திருந்தால் அந்த ஸ்டிக்கர்களை நான் ஒருநாளும் பிரித்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

விதியைத் தூக்கினார். ஏழு பேருக்கும் இன்னும் ஆர்டர் போகவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அந்த ஏழு பேரோடு இருபத்து மூன்று பேரையும் சேர்த்துக் கூப்பிட்டு அடுத்த வியாழக்கிழமை அளவெடுக்கும் தேர்வு, அதன் பிறகு நேர்காணல். "நீ அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது. நானும் சவிதாவும் பார்த்துக்கறோம்."

வீட்டில் வந்து சொன்னேன். ரேவதி கேட்டது ஒரே கேள்வி. "எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அப்ப வரேன்."

அன்றைக்கே பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த வெர்னியரை எடுத்தாள். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தாள், துரு ஏறவில்லை. நடுவில் எத்தனை தடவை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாளோ, எனக்குத் தெரியாது. வீட்டில் இருந்த டம்ளர், பாப்பாவின் பென்சில், கதவுத் தாழ்ப்பாள், ஒன்றையும் விடவில்லை. அவள் அளவைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "பதினெட்டு புள்ளி நாலு ரெண்டு." "ஆறு புள்ளி தொண்ணூத்தி எட்டு." வெங்காயம் கால் கிலோ, புளி நூறு கிராம் என்று மட்டுமே இவள் வாயிலிருந்து அளவு கேட்டவன் நான். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று வெட்கமாகவும் இருந்தது.

வேப்பிலை

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் பாப்பா, "அம்மா, அரிக்குது," என்று எழுந்து வந்தாள். கழுத்தில் மூன்று கொப்புளம். முதுகில் ஏழெட்டு. அம்மை.

ஊரிலிருந்து என் அம்மா போனிலேயே உத்தரவு போட்டாள். "மாரியாத்தா வந்திருக்கா. தாளிக்காதீங்க. வாசல்ல வேப்பிலை சொருகுங்க. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் ரேவதி வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லிப்புட்டேன்!"

நான் தாண்டலாமா என்று அம்மா சொல்லவில்லை. ஆம்பளை தாண்டுவதைப் பற்றி ஆத்தாளுக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை போலிருக்கிறது.

ரேவதி பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பரவாயில்ல, நான் போகல," என்றாள். வெர்னியரைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதவே கை கூசுகிறது. அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு கணம்தான். ஆனால் இருந்தது. என்னால் தடையில்லை, சாமியே தடுத்துவிட்டது. நான் நல்லவன், டிபன் பாக்ஸும் வழக்கம்போல நிரம்பும். மேடையில் முக்கால் மணி நேரம் பேசியவனின் யோக்கியதை இவ்வளவுதான்.

அவள் துணியைச் சுற்றி முடித்து ஒரு முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சை இறுக்கினபோது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அழவில்லை. பழகினவள் மாதிரி செய்தாள். அவள் கையிலிருந்து அதை வாங்கி முடிச்சை அவிழ்த்தேன்.

"நீ போ. நான் லீவு போடறேன்."

"நீங்களா?"

"நான்தான். எனக்கு அம்மை சின்ன வயசுலயே போட்டாச்சு. உனக்கும் போட்டாச்சு. யாருக்கும் ஒட்டாது."

"அத்தை?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்," என்றேன் வீரமாக. இன்றுவரைக்கும் பேசவில்லை. அம்மா இந்த இதழைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, தலையை இழுத்துக் கொண்டை போட்டுக்கொண்டு, கைப்பையில் வெர்னியரோடு ரேவதி படி இறங்கினாள். போகும் முன் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டிவிட்டுப் போனாள். மருந்து எத்தனை மணிக்கு, எவ்வளவு. இளநீர் எத்தனை மணிக்கு. பாப்பா சொறிய வந்தால் கையைப் பிடிக்கக் கூடாது, வேப்பங்கொத்தால் தடவ வேண்டும். பதினேழு வரிகள். கடைசி வரி: 'பால் பொங்கும். பாருங்க.'

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அப்படியும் பொங்கியது. மத்தியானத்துக்குள் குழைந்த சோறு, தாளிக்காத ரசம், அலமாரியிலிருந்து சரிந்த துணி, மிதிபட்ட இளநீர் என்று வீடு திருவிழா முடிந்த திடல் மாதிரி ஆகிவிட்டது. பாப்பாதான் படுக்கையிலிருந்தே எனக்கு வழிகாட்டினாள். "அந்த டப்பா இல்லப்பா, சிவப்பு மூடி." "அப்பா, உங்களுக்கு நம்ம வீடு தெரியாதா?"

தெரியாதுதான். சாயந்திரம் நாலு மணிக்கு எனக்கு முதுகு விட்டுப்போய்விட்டது. அலுவலகத்தில் ஒருநாளும் நாலு மணிக்கு எனக்கு முதுகு வலித்ததில்லை.

காரணம் என்ற இடம்

ஆறரைக்கு ரேவதி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைகால் கழுவிவிட்டு நேராகப் பாப்பாவிடம் போனாள். கொப்புளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்னாச்சு?" என்றேன். பொறுக்கவே முடியவில்லை.

"பத்துப் பாகம் குடுத்தாங்க. எல்லாத்தையும் சரியா அளந்துட்டேன். அதுல ஒண்ணு தேறாததுன்னு சொன்னேன். சூப்பர்வைசர் தேறும்னார். மறுபடி அளந்து காட்டினேன். ஒத்துக்கிட்டார்." பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "திங்கட்கிழமையே வரச் சொல்லிட்டாங்க. மொத ஷிப்ட்."

பாப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினாள். நான் கட்டிப்பிடிக்கலாமா என்று யோசித்தேன்; கையெல்லாம் ரசம். ஏழு இடத்தில் நாலு பேர் பெண்கள் என்றும் சொன்னாள். அதை அவள் தன் செய்தியைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

"நேர்ல கூப்பிட்டு என்ன கேட்டாங்க?"

"எல்லாம் கேட்டாங்க," என்று சமையல்கட்டுக்குள் போனாள். உள்ளேயிருந்து, "ஐயோ! என்னங்க இது கோலம்?" என்று குரல் வந்தது. அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற அடுத்த வாரம் முடிய வேண்டும். திங்கட்கிழமை முதல் இவள் ஷிப்ட். லீவை நீட்டிக்கச் சவிதாவைக் கூப்பிட்டேன்.

"காரணம் என்ன போட சார்? கம்ப்யூட்டர்ல உடம்பு சரியில்லை, கல்யாணம், சாவு, சொந்த ஊர் வேலை, இந்த நாலுதான் இருக்கு."

அந்த நாலையும் போட்டவன் நான். "மனைவி வேலைக்குப் போறான்னு போடு."

"அது லிஸ்ட்ல இல்ல சார்."

"சேர்த்துடு சவிதா."

"நிஜமாவா சார்?" என்றாள். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ஆய்த்து சார், சேர்த்தாச்சு," என்றாள். கோபமில்லாமல் அவளுக்குக் கன்னடம் வந்தது அன்றுதான்.

பத்து நாள் கழித்து அலுவலகம் போனேன். மேஜையில் புதிதாகச் சேர்ந்த ஏழு பேரின் நேர்காணல் தாள்கள் இருந்தன. ஃபைலில் கோர்ப்பது மட்டும்தான் எனக்கு விட்டுவைத்த வேலை. ஒவ்வொன்றாக ஓட்டை போட்டுக் கோர்த்தேன். முப்பத்தொன்று வந்தது.

'ஒன்பது வருடம் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டிருக்கிறார் மஞ்சுநாத் சார். பதிலை அவர் இங்கிலீஷில் மாற்றாமல், தனக்குத் தெரிந்த கோணல்மாணல் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி வைத்திருந்தார்.

'எங்க வீட்டுக்காரர் ஒன்பது வருஷமா ஒரு நாள்கூட லீவு போடாம வேலைக்குப் போனார் சார். அதை நான்தான் பார்த்துக்கிட்டேன்.'

அதற்குக் கீழே 'அனுபவம்' என்ற இடம். ரேவதி இரண்டு வருஷம் என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் மஞ்சுநாத் சார்.

விதிப்படி அது செல்லாது. ஹெச்.ஆர். என்ற முறையில் நான் ஆட்சேபம் எழுதியிருக்க வேண்டும். மூன்று தடவை படித்தேன். கண் மங்கியதால் நாலாவது தடவை படிக்க முடியவில்லை. தாளை நேராக வைத்து, ஓட்டை போட்டு, ஃபைலில் கோர்த்தேன்.